குத்தவைத்து உட்கார்ந்த பிள்ளைகள்

எழுபதுகளில் ஓரிக்கைத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, பாதி ஓட்டத்தில் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிற பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். உங்கள் தெருவிலும் இருந்திருப்பான். நாவற்பழம் தின்றதுபோல உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். அவன் உட்கார்ந்தால் நாங்களும் சுற்றி உட்கார்ந்து கதைபேசுவோம். ஆட்டத்தைவிட அந்தக் கதைபேச்சுதான் இன்றும் நினைவில் ருசிக்கிறது. காலை மடக்கினால் உடம்புக்குப் போகிற ரத்தத்துக்குத் தடை கூடி, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும், மூச்சு நிதானப்படும் என்று பிற்பாடு படித்தபோது, யாரும் சொல்லித் தராமலே அவன் உடம்பு கண்டுபிடித்த வைத்தியம் அது என்று நெகிழ்ந்துபோனேன்.

அவனை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். 1961-லேயே திறந்த இதய ஆபரேஷன் நடந்த இடம். ஆனால் இவனைப் போல ‘டெட்ராலஜி’ என்னும் பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளுக்கு அன்று பெரும்பாலும் முதலில் இதயத்தைத் தொடமாட்டார்கள். கைக்குப் போகும் ரத்தக்குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைப்பார்கள். பால்டிமோரில் 1944-ல் பிளாலாக், டாசிக், விவியன் தாமஸ் மூவரும் வகுத்த வழி. நீலம் குறைந்து ஊர் திரும்பினான். அந்த ஒரு கையில் மட்டும் நாடி தட்டுப்படாது. தொட்டுப் பார்க்க நாங்கள் வரிசையில் நின்றோம். அவன் அம்மாவுக்கோ ஆஸ்பத்திரி வராந்தாவில் புளிசாதத்தைப் பகிர்ந்துகொண்ட வெளியூர்க்காரர்கள் உறவாகி, வெகுகாலம் கார்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இதயக் குறை பல சமயம் கர்ப்பத்திலேயே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. இதயத்தின் பெருங்குழாய்கள் இரண்டும் இடம்மாறிப் பிறக்கிற சிசுவுக்கு, பிரேசிலில் ஜாட்டேன் 1975-ல் செய்து காட்டிய முறைப்படி, பிறந்த சில நாட்களிலேயே அவற்றை மாற்றித் தைக்கிறார்கள். தறிக்கூலியை நம்பிய குடும்பமும் அரசுக் காப்பீட்டு அட்டையோடு சென்னைக்குப் போய்வருகிறது. வராந்தா உறவுகளுக்கு நேரமில்லாதபடி சீக்கிரம் வீடு வந்துவிடுகிறார்கள். குத்தவைத்து உட்காரும் பிள்ளையைத் தெருவில் பார்த்து வெகுகாலமாகிறது. அந்தக் கதைபேச்சு போனாலும் போகட்டும், பிள்ளைகள் ஓடுகிறார்களே!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சிறுவயதில் இதய ஆபரேஷன் ஆன பிள்ளை உங்கள் வீட்டில் வளர்ந்து வேலைக்கே போய்க்கொண்டிருந்தாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். டெட்ராலஜி சரிசெய்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் நுரையீரல் வால்வு கசிந்து தொல்லை தரலாம்.