முதலில் பேனர் அடியுங்கள்

வாலிபர் ஐக்கியத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஸ்தோத்திரம். தேர்தலில் ஜெயித்த கையோடு சபைக் குருவான ஐயரவர்கள் உங்களைக் கூப்பிட்டு, "இந்த வருஷமாவது சபைக்கு வெளியே ஏதாவது செய்யணும்ப்பா" என்று சொல்லியிருப்பார். பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கத்துத் திருச்சபைச் சேகரங்களில் இந்த 'ஏதாவது' தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. வழி தெரிந்தவர்கள் சொன்னபடி நடந்தால், யாருக்கும் பெரிய உபகாரம் ஆகிவிடாமல் வருஷத்தை ஒப்பேற்றிவிடலாம்.

முதல் வேலை பேனர். என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகாவிட்டால் பரவாயில்லை. 'மாபெரும் சமூக சேவைத் திட்டம்' என்று அடித்துவைத்தால் எதற்கும் பொருந்தும். பேராயர் படம் ஒரு மூலையில், சேகரகுருவானவர் மறு மூலையில், நடுவே கமிட்டி. யார் படத்தை விட்டாலும் விடலாம், ஜெனரேட்டர் இலவசமாகத் தருகிற அண்ணாச்சியின் படத்தை விடக்கூடாது. உதவி பெறப்போகிறவர்களுக்கு இதில் இடம் கிடைக்காது. இயேசுநாதரே சில பேனர்களில் இடுக்கிக்கொண்டுதான் நிற்கிறார். அடுத்து டி-சர்ட். நீலமா மெரூனா என்று முடிவு செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விடும், நல்லதுதான்.

பிறகு கமிட்டி. இதை யாராவது கேலி செய்தால் சரித்திரத்தைக் காட்டுங்கள். 1881இல் அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில், பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கியபோதே கண்காணிப்புக்கு ஒன்று, ஜெபக்கூட்டத்துக்கு ஒன்று என்று கமிட்டி பிரித்துத்தான் வாலிபர் கையில் பொறுப்பைக் கொடுத்தார். அந்தக் கமிட்டிக்காரர்கள் வேலையும் செய்தார்கள் என்பது சின்ன விவரம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

யாருக்கு உதவி செய்வது? இதில் ஒரே ஒரு விதிதான்: அவர்களைக் கேட்டுவிடக்கூடாது. முக்கியமாகக் கோயில்பிள்ளை பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மணியடித்து, தெருத்தெருவாகச் சாவுச்செய்தி சொல்லி நடக்கிற மனுஷன். எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார். கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு ஆச்சிக்கு மாதாமாதம் வந்த முதியோர் உதவித்தொகை நின்றுபோய்க் கிடக்கிறது, இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்பார். கொத்தனார் மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுக்கி நிற்கிறாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்தால் தேறிவிடுவாள் என்பார். செலவு பஸ் காசுதான். இப்படிப்பட்ட யோசனைகள் பட்ஜெட்டையே கெடுத்துவிடும்.

ஆகவே முதியோர் இல்லம். டிசம்பரில் போவதுதான் மரபு. கேரல் ரவுண்ட்ஸ் வேனிலேயே போய்விடலாம், டீசல் மிச்சம். அந்த மாதம் அங்கே போகாத சங்கம் கிடையாது. காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் ஓர் அலுவலக ஊழியர் கூட்டம், சாயங்காலம் நீங்கள். ஏற்கனவே இரண்டு கேக் தின்று, இரண்டு முறை கைதட்டி, சர்க்கரை மாத்திரைக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மூன்றாவது கேக்கை ஊட்டுங்கள். ஜூன் மாதத்தில் போகிற மடத்தனத்தைச் செய்யாதீர்கள். அப்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், அங்கேயே இருக்கிறவர்களைத் தவிர.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு சேகரத்து வாலிபர்கள் போயிருந்தபோது, சுவரோரக் கட்டிலில் இருந்த ஆச்சி ஒரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "கேக்கு கெடக்கட்டும்யா. இந்தக் கால் நகத்த வெட்டி விடுதியா? என்னால குனிய முடியல" என்று கேட்டுவிட்டாள். பெருவிரல் நகம் தடித்து, மஞ்சளாகி, ஆட்டுக்கொம்பு போல வளைந்து பக்கத்து விரலின் சதையில் குத்திக்கொண்டிருந்தது. பையன் சமையற்கட்டுக்குப் போய் வெந்நீர் வாங்கிவந்தான். காலைப் பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்தான். நகவெட்டியின் வாய்க்குள் நகம் நுழையவில்லை. இல்லத்து நர்ஸிடம் பெரிய வெட்டியாக ஒன்று கேட்டு வாங்கி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினான். ஒவ்வொரு நறுக்குக்கும் ஆச்சி கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஒரு கால் முடிவதற்குள் அடுத்த கட்டில் தாத்தாவும் காலை நீட்டிவிட்டார். வெளியே குரூப் போட்டோ முடிந்து வேன் ஹாரன் அடிக்கிறது. போட்டோவில் அவனும் இல்லை, அந்த ஆச்சியும் இல்லை. இப்படிப்பட்ட பையன்களை அடையாளம் கண்டு, எந்தப் பொறுப்புக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டால் அடுத்த மாசம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பேனர்கூட இல்லாமல் கிளம்பிவிடுவான்.

பிள்ளைகள் இல்லத்துக்குப் போனால் போட்டோதான் பிரச்சினை. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளை அடையாளம் தெரியும்படி வெளியிடக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விஷயம் தெரிந்த செயலாளர்கள் பிள்ளையின் முகத்தில் மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டிவிட்டு, தங்கள் முகத்தை மட்டும் தெளிவாகப் போடுகிறார்கள். சட்டம் என்ன நினைக்குமோ, பார்க்கிறவர்கள் நினைப்பது வேறு.

ரத்ததான முகாமுக்கு ஏற்ற நாள் பெரிய வெள்ளி. பொருத்தம் அபாரமானது. மும்மணி ஆராதனை முடிந்து உபவாசத்தோடு வந்து படுக்கிறவர்களில் பாதிப்பேர் ஊசியைக் கண்டதுமே மயங்கிவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வரக்கூடாது, எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும் என்று ரத்த வங்கிக்காரர்கள் சொல்லி, பாடகர் குழுவில் பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் இன்னொரு யோசனையும் இருக்கும், காதில் வாங்காதீர்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். பிரித்தெடுத்த சிவப்பணுக்கள் ஆறு வாரம் வரை தாங்கும். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். அறுபது பேரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் டெங்கு வார்டிலிருந்து நடுராத்திரி போன் வரும்போது அறுபது பேருமே கையை விரிக்க வேண்டியதுதான். வாரத்துக்கு மூன்று பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், சுற்றி வருவதற்குள் முதல் ஆள் மறுபடி தயாராகிவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வாரம் மூன்று பேருக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்?

வெள்ளம் வந்தால் கவலையே இல்லை, வீட்டு பீரோவைக் காலிசெய்ய நல்ல வாய்ப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் அனுப்பிய பழந்துணி யாரும் தொடாமல் சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. நாம் அந்தப் பாரம்பரியத்தை விட்டுக்கொடுக்கலாமா? 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. அப்படித் தண்ணீர் வடிந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது துடைப்பம், பிளீச்சிங் பவுடர், வாளி, நாப்கின், நனையாத தீப்பெட்டி. சகதியை அள்ள இரண்டு கை. நனைந்துபோன ரேஷன் கார்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் மனு எழுத ஒரு பேனா. நீங்கள் பித்தான் அறுந்த கோட்டை அனுப்புங்கள்.

மரம் நடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கன்று, பன்னிரண்டு கை, ஒரு கேமரா. அடுத்த வருஷமும் அதே குழி உதவும். ஆடுகள் அதற்கு உத்தரவாதம். பனைவிதை வேண்டாம். தண்ணீரும் கேட்காது, வேலியும் கேட்காது என்று ஆசைகாட்டுவார்கள். ஆனால் புதைத்தால் மாதக்கணக்கில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. பாளை விட பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் நீங்கள் வாலிபர் ஐக்கியத்திலேயே இருக்கமாட்டீர்கள். சரி, சில சேகரங்களில் இருப்பீர்கள்.

முன்னோரை உதாரணம் காட்டி மனதைக் கலைப்பவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய ஆன் ஜேன் ஆஸ்க்வித், காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கிய பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் திட்டமிடத் தெரியாது. 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1951இல் சாகும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் டோனாவூரிலேயே பிள்ளைகளோடு கிடந்தார். கல்லறைக்கு மேல் கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். நம் கோயில் மின்விசிறியில் இறக்கைக்கு இறக்கை உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறதே, அந்த அறிவு அந்த அம்மையாருக்கு இல்லை.

எனக்குப் புரியாத ஒன்று உண்டு. இதே வாலிபர்கள்தான் அசனம் என்னும் சபை விருந்துக்கு முந்தின ராத்திரி கண்விழித்து, மலைமலையாக வெங்காயம் உரித்து, அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி இறக்குகிறார்கள். ஊர் முழுக்கப் பந்தியில் உட்காருகிறது. வந்தவன் எந்தச் சாதி, எந்த மதம், காணிக்கை போட்டானா என்று யாரும் கேட்பதில்லை. யாருக்குக் குழம்பு தீர்ந்தது என்று இலையைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஓடுகிறார்கள். மறுவாரம் சேவைத் திட்டம் என்று கூடினால், அதே பிள்ளைகளுக்கு எதிரே இருக்கிறவர் இலை தெரியமாட்டேன் என்கிறது. கூட்டக் குறிப்பில் இதை எழுத வேண்டாம்.

கடைசியாக, வாலிபர் ஞாயிறு அன்று வாசிக்கும் அறிக்கை. கொடுத்த உதவிப் பொட்டலங்களின் எண்ணிக்கையை நாலால் பெருக்குங்கள், குடும்பத்துக்கு நாலு பேர். அதோடு வேடிக்கை பார்த்தவர்களையும் வேன் டிரைவரையும் கூட்டி, 'சுமார் ஐந்நூறு பேர் பயனடைந்தனர்' என்று முடியுங்கள். எந்த ஐந்நூறு பேர் என்று பொருளாளர் குடைந்தால், நிகழ்ச்சி முடிந்து பிரியாணி சாப்பிட்ட நம் ஆட்கள் நாற்பது பேரையும் சேர்த்துத்தான் என்று சொல்லுங்கள். அந்த நாற்பதுக்காவது கடைக்காரர் கொடுத்த ரசீது இருக்கிறது.