பேசாதவருக்கும் இடமுண்டு

கேள்வி: பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்துப் பயிற்சி ஆண்டில் இருக்கிறேன். பேச்சு மொழி நோயியலில் எம்.எஸ்சி. சேர ஆசை. ஆனால், நான் அதிகம் பேசமாட்டேன். இந்தத் துறை எனக்குச் சரிப்படுமா?
- ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக! பேச வேண்டியவர் உங்களுக்கு எதிரே இருப்பவர்தானே? பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர், 'தண்ணி' என்று சொல்ல அரை நிமிடம் திணறுவார். அதுவரை குறுக்கிடாமல் காத்திருப்பது பெரிய திறமை. வாயாடிகள் அதற்குத் தனியே பயிற்சி எடுக்க வேண்டும். உங்களுக்கு இயல்பிலேயே இருக்கிறது.

நுழைவுத் தேர்வுக்குப் படிக்க இப்போதே உட்காருங்கள். மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் போட்டி கடுமை. 12 மூளை நரம்புகளையும் பெயரோடு மட்டுமல்ல, வேலையோடும் படியுங்கள். விழுங்குவதும் அவற்றில் சிலவற்றின் வேலைதான் என்பதால், உணவை விழுங்க முடியாதவரும் உங்களைத் தேடித்தான் வருவார்.

முக்கியமாக, ஒலிக்குறிகளில் எழுதிப் பழகுங்கள். 'பம்பரம்' என்பதில் உள்ள இரண்டு 'ப'வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. எழுத்தை நம்பினால் குழந்தையின் பிழை காதில் விழாது. எது பிழை, எது வயதுக்கு இயல்பு என்பதும் தெரிய வேண்டும். 'ழ' தாமதமாக வரும் ஒலி. மூன்று வயதுப் பிள்ளை 'வாலப்பலம்' கேட்டால், பாட்டி வசம்பைத் தேட வேண்டாம். பழத்தைக் கொடுத்தால் போதும்.

பயிற்சியில் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் அன்றன்றே குறிப்பெழுதுங்கள், பெயரை மட்டும் விட்டுவிட்டு.