முழுநிலா வாளி: ஒரு திணையியல் ஆய்வு

அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட பொருள்களில் பிளாஸ்டிக் வாளியும் ஒன்று. கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்ட எடுத்துப்போகும், கைப்பிடி வைத்த குட்டி வாளியைத்தான் சொல்கிறேன். தாய்லாந்து வளைகுடாவில் கோ பங்கான் என்றொரு தீவு. அதன் ஹாட் ரின் கடற்கரையில் இந்த வாளியில் யாரும் மணல் அள்ளுவதில்லை. கரும்பிலிருந்து வடித்த சங்சோம் ரம் ஒரு சப்பைக் குப்பி, கிராட்டிங் டேங் என்ற ஊக்கபானம் ஒரு சிறு புட்டி, கோக் ஒரு டின், மிச்சமுள்ள இடமெல்லாம் ஐஸ், மேலே கைநிறைய ஸ்ட்ரா. வாளியின் இலக்கணம் இவ்வளவே.

தீவு விடுமுறைக்கு ஓய்வு, இரவுக் கேளிக்கை, புது நட்பு, தர்மம் என நான்கு உறுப்பு சொல்வார்கள். நான்குக்கும் வாளியே மூலம் என்பது இக்கட்டுரையின் துணிபு. மேல்நாட்டுச் சமூகவியல் முறைகள் இங்கே உதவா. கேள்வித்தாளை நீட்டினால் அதன்மேல் வாளியை வைத்துவிடுகிறார்கள். ஆகவே முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வகுத்த பழைய வழியிலேயே போகிறேன். தாய்லாந்துக் கடற்கரைக்குத் தொல்காப்பியர் பொருந்துவாரா எனின், நிலம் நெய்தலாக இருக்கும் வரை பொருந்துவார் என்க.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் சுமார் 125 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மலையும் காடும் தென்னையும். விமான நிலையம் கிடையாது. சூரத் தானியிலிருந்தோ சும்போனிலிருந்தோ பக்கத்துத் தீவான கோ சமூயியிலிருந்தோ படகேறி, தோங் சாலா துறையில் இறங்க வேண்டும். ஓய்வுக்காக இத்தீவுக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களில் பதிவேட்டில் முதலிடம் தாய்லாந்து மன்னர் சுலாலங்கோர்னுக்கு. 1888-இல் முதன்முறை வந்தவர், தான் சடேட் அருவி பிடித்துப்போய்ப் பத்துத் தடவைக்கு மேல் வந்திருக்கிறார். தம் பெயரெழுத்துகளை அங்கே பாறையில் பொறித்தும் வைத்தார். அவர் வாளி வாங்கியதற்குச் சான்று இல்லை.

ஹாட் ரின் தீவின் தென்கிழக்கு மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறுகிய முனை. அதற்குக் கிழக்கே ஒரு கரை, மேற்கே ஒரு கரை. ஒன்றில் சூரியன் எழும், மற்றதில் விழும், நடுவே சில நிமிட நடை. நெய்தலுக்குரிய சிறுபொழுது காலையா மாலையா என்று நம் புலவர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. அவர்களை இங்கே அழைத்து வந்து ஆளுக்கொரு கரையில் உட்கார்த்தி வைத்திருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

பெரும்பொழுது, நிலா. 1980-களில் ஏதோ சில விருந்தினர்கள் இங்கே குடில்களில் தங்கி முழுநிலா இரவைக் கொண்டாடினார்கள். ஆண்டைப் பற்றித் தீவில் பல கட்சிகள். அந்தச் சின்னக் கூட்டம் பெருகிப் பெருகி, நல்ல பருவத்தில் பல்லாயிரம் பேர் மணலில் இடமில்லாமல் நிற்கும் திருவிழாவாயிற்று. கொரோனா 2020-இல் நிறுத்தியது. 2022-இல் மறுபடி தொடங்கியது. மாதத்துக்கு ஒரு முழுநிலா போதவில்லை என்று தீவார் பின்னால் உணர்ந்திருக்க வேண்டும். பான் தாய் பக்கத்துக் காட்டில் அரைநிலாவுக்கு ஒரு விழா, நிலாவே இல்லாத இரவுக்குக் கருநிலா என்று ஒரு விழா. பஞ்சாங்கத்தை இத்தனை கவனமாகப் பின்பற்றும் குடிகாரர்களை உலகில் வேறெங்கும் காண்பதரிது.

இங்கே ஒரு நுட்பம். மாக பூஜை, விசாகம், ஆசாட பூஜை ஆகிய மூன்று பௌத்த நன்னாள்களும் முழுநிலா நாளில்தான் வரும். அந்த நாள்களில் மது விற்பனைக்குத் தடை என்பது தாய்லாந்தின் நெடுநாள் விதி; 2025-இல்தான் சற்றே தளர்ந்தது. ஆகவே முழுநிலாக் கொண்டாட்டம் அம்மாதங்களில் ஓரிரு நாள் தள்ளிப்போவது வழக்கம். முழுநிலாவின் பெயரால் கூடும் கூட்டம், புத்தருக்கு மரியாதை செய்து, கொஞ்சம் தேய்ந்த நிலாவில் ஆடுகிறது. தலைநிமிர்ந்து நிலாவைப் பார்க்கிறவர்கள் குறைவு என்பதால் இந்தக் குறையை எவரும் சுட்டியதில்லை.

அடுத்து கருப்பொருள். உணவு, விலங்கு, பறை, தொழில் எல்லாவற்றையும் விரிக்கப் புகுந்தால் பக்கம் போதாது. பானத்தையும் பறையையும் மட்டும் நின்று பார்ப்போம். கிராட்டிங் டேங்கை 1970-களில் தாய்லாந்தில் விற்கத் தொடங்கியவர் சாலியோ யோவித்யா. பெயருக்குச் சிவப்புக் காட்டெருது என்று பொருள். லாரி ஓட்டுகிறவர்களும் கூலி வேலை செய்கிறவர்களும் இரவில் கண் சொக்காமல் இருக்கக் குடித்த பானம் அது. டீட்ரிச் மாட்டெஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர் அதில் மயங்கி, சாலியோவுடன் கூட்டுச் சேர்ந்து, வாயு ஏற்றி, 1987-இல் தம் நாட்டில் ரெட் புல் என்று விற்றார். பிறகு நடந்ததை ஊரறியும். ஆய்வுக்கு வேண்டியது இது: பாவம், பாரம் ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவன் தூங்கிவிடாமல் இருக்கக் கண்ட மருந்தை, ஓய்வெடுக்கவென்று விடுப்புப் போட்டு வந்தவன் தூங்கிவிடாமல் இருக்கக் குடிக்கிறான். விடிய விடிய லாரி ஓட்டியவனுக்காவது கூலி கிடைத்தது. தீவில் ஓய்வு என்பது இரவுப் பணிகளுள் கடினமான ஒன்று என்பது இதனால் பெறப்படும்.

வாளிக் கடைகள் கரையோரம் வரிசையாக நிற்கும். ஒரு மேசை, அதன்மேல் ஐந்தாறு அடுக்கு வாளி, ஒவ்வொன்றிலும் குப்பியும் டின்னும் முன்கூட்டியே செருகியிருக்கும். மேலே கைப்பட எழுதிய பலகை. கடைக்கார அக்காவின் கையைப் பார்க்க வேண்டும். ஒரு கை மூடியைத் திருகும்போதே மறு கை ஐஸை வாருகிறது. டின் திறக்கிற சத்தமும் ஸ்ட்ரா விழுவதும் ஒரே கணத்தில் முடிகின்றன. மீதிச் சில்லறையை நனையாமல் நீட்டுவது தனிக் கலை. மூடி நம் கண்முன் திறக்கப்படுகிறதா என்று பார்ப்பது நல்லது. இது ஆராய்ச்சிக்குச் சேராது, உயிருக்குச் சேரும்.

பறைக்கு வருவோம். ஒவ்வொரு மதுக்கூடமும் தனக்கென ஒரு சங்கீதம் வைத்திருப்பதால் இருபதடி நடந்தால் தாளம் மாறிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் இடக்காலை ஒன்றுக்கும் வலக்காலை மற்றதற்கும் ஆடக் காணலாம். எண்ணெயில் நனைத்துத் தீ வைத்த கயிற்றை இருவர் சுழற்ற, நடுவில் குதிப்பது வீரவிளையாட்டு. விளையாட்டின் முடிவுகளைச் சாலையோரக் கிளினிக்குகளில் பார்க்கலாம். வாடகை ஸ்கூட்டரின் சூடான புகைக்குழாயில் வலக் கெண்டைக்கால் பட்டு உண்டாகும் வட்டத் தழும்புக்குத் ‘தாய் டாட்டூ’ என்று பயணிகளே பெயர் வைத்திருக்கிறார்கள். தீவில் இரண்டாம் வாரத்தில் இருப்பவரை முதல் வாரத்தவரிடமிருந்து பிரித்தறிய இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

இனி நட்பு. ஒரு வாளிக்கு ஸ்ட்ரா ஐந்தாறு போடுவது ஏன் என்று எவரும் கேட்டதில்லை. ஒருவர் ஒரு ஸ்ட்ராவால் உறிஞ்சினால் அது தாகம். மிச்ச ஸ்ட்ராக்கள் சும்மா நிற்பதைப் பார்க்கிற எவரும் அதை அழைப்பாகவே எடுத்துக்கொள்வார். குனிந்தால் நெற்றியோடு நெற்றி முட்டும். முட்டியபின் பேசாமல் இருக்க முடியாது. பேச்சும் ஒரு வரிசைப்படி நடக்கும்: எந்த நாடு, எத்தனை நாள் ஆயிற்று, இதற்கு முன் எங்கே, அடுத்து எங்கே. பெயர் கேட்பது ஐந்தாவது. பலர் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் ஊருக்குத் திரும்பியவர் கைபேசியில் ‘ஜெர்மனி மேல்கட்டில்’, ‘இஸ்ரேல் ஸ்கூட்டர்’, ‘படகில் வாந்தி’ என்ற பெயர்களில் ஆருயிர் நண்பர்கள் கிடக்கிறார்கள். இதைப் போலி நட்பு என்று இழித்துரைப்பார் உளர். நான் உடன்படேன். விடியற்காலை நான்கு மணிக்கு, கண்ணாடிச் சில்லு குத்திய முன்பின் தெரியாத ஒருவனைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு நடத்திப்போய், அவன் செருப்பைத் தேடித் திரும்ப மணலுக்கு வருகிறவனுக்கு அவன் பெயர் தெரியாது என்பதால் என்ன குறைந்துவிட்டது?

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இதில் மட்டும் பழைய நூலோடு தீவு அப்படியே ஒத்துப்போகிறது. மறுநாள் நண்பகலில் ஹாட் ரினில் எழுகிற முனகல் முழுக்க இந்தத் துறைக்கே உரியது. தலைவலி, தொலைந்த செருப்பு, ஸ்கூட்டருக்குப் பிணையாகக் கொடுத்த பாஸ்போர்ட் எந்தக் கடையில் என்ற மறதி. இந்த இரங்கலிலிருந்தே தர்மம் பிறக்கிறது. குற்ற உணர்வு என்று சிலர் பெயரிடலாம். காரணம் எதுவானாலும் காரியம் நல்லது.

காலையில் கரையைப் பார்த்தால் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளிகள், ஸ்ட்ராக்கள், குப்பிகள். நகராட்சிப் பணியாளர்கள் விடியும் முன்பே இறங்கிவிடுவார்கள். கூடவே குனிந்து பொறுக்கும் பயணிகளும் சிலர் உண்டு. 2013 கடைசியில், அந்தமான் கடல் பக்கத்துக் கோ லிப்பே தீவில், டிராஷ் ஹீரோ என்ற இயக்கம் இப்படித்தான் பிறந்தது. வாரம் ஒருநாள் குப்பை பொறுக்குவோம், வாருங்கள் என்பதற்குமேல் அதில் கொள்கை எதுவும் இல்லை. பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆய்வாளன் கண்ணுக்கு இதில் ஒரு பொருளாதார அழகு தெரிகிறது: பொறுக்கிய குப்பையைப் போட ஒரு பாத்திரம் வேண்டும், இரவில் காலியான வாளி கையருகே கிடக்கிறது.

போகாமலிருப்பதும் தர்மம்தான். கோ பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவை, அங்கே எடுத்த ‘தி பீச்’ படம் 2000-இல் வந்தபின், நாளொன்றுக்கு 5,000 பேர் வரை மிதித்தார்கள். பவளம் செத்தது. 2018 ஜூனில் அரசு மூடியது. 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன. பயணிகள் யாரும் படம் எடுத்துப் போடவில்லை. படம் எடுக்கப் பயணிகள் இல்லாததே காரணம் என்று சுறாக்கள் சொல்லக்கூடும்.

இந்தப் பக்கம் வந்து தர்மம் செய்த அயலார் வரிசையில் தமிழருக்கு முன்னுரிமை உண்டு என்பதை இங்கே பதிவு செய்தல் கடன். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தகுவா பா என்ற ஊரில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நம்மவர் ஒருவர் வெட்டிய குளத்தையும், அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் வந்தது. அங்கிருந்து நிலவழியாகக் கிழக்கே பான்டன் விரிகுடாவுக்குச் சரக்கு போயிருக்கலாம் என்று வரலாற்று அறிஞர்கள் கருதியதுண்டு. இன்று வாளியை நாடிப் போகும் படகுகள் புறப்படுவதும் அந்த விரிகுடாப் பக்கத்திலிருந்துதான். வந்த இடத்தில் அந்த நம்மவர் குளம் வெட்டினார்; நாம் வாளி வாங்குகிறோம். கொள்ளளவில் சற்றே இறங்கிவிட்டோம்.

எனினும் வாளிக்காரர் கையால் ஆகக்கூடிய, குளத்துக்கு நிகரான தர்மம் ஒன்று மிச்சமிருக்கிறது. தாய்லாந்து மக்களில் ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை சுமார் 0.3 விழுக்காடு. ஐரோப்பியரில் சுமார் 15, நம் நாட்டில் சுமார் 5. மலைச்சாலையில் ஸ்கூட்டரோடு விழுகிற வெளிநாட்டுப் பயணிக்கு அந்த ரத்தம் தேவைப்பட்டால் அந்நாட்டு மருத்துவமனைகள் திண்டாடுவது இதனால்தான். அதைக் கொடுக்கக்கூடியவர்களில் பலரும் கடற்கரையில் வாளியும் கையுமாக நிற்கிறார்கள்.

ஆகவே நெகட்டிவ் வகை வாசகர் யாரேனும் தாய்லாந்து போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பாங்காக்கில் ஆன்ரி துனான் சாலையில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் தேசிய ரத்த மையம் இருக்கிறது. தீவுக்குப் படகேறும் முன் பாஸ்போர்ட்டோடு அங்கே போய்க் கேளுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அங்குள்ள மருத்துவர் முடிவு. திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முந்தின நாள் குடித்தவர் ரத்தம் அங்கே செல்லாது.