கல்லோடு வந்தவர்கள்

கடல்நீர்த் தொட்டி வைப்பவர் பவளம் வளர்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவைப்பார். முதல் ஆண்டில் அவர் வளர்ப்பது பெரும்பாலும் பாசியும் புழுவும்தான். பவளம் கேட்பவை பல: நல்ல வெளிச்சம், ஓயாத நீரோட்டம், 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, இவற்றில் எதுவும் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறாத நிலை. தொல்லை உயிர்கள் எந்த நிபந்தனையும் வைப்பதில்லை.

தண்ணீரில் உப்பைக் கரைத்த கையோடு பவளத்தை இறக்கிவிட முடியாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் பார்க்க ஒன்றும் இருக்காது. விளக்கு மட்டும் பிரமாதமாக எரியும். பிறகு மணல்மேல் பழுப்பாக டயாட்டம் படரும். அடுத்து செந்நிறச் சயனோபாக்டீரியா, அதற்கடுத்து பச்சை முடிப்பாசி. பெரும்பாலும் தாமாக வந்து தாமாகப் போகிறவை. பொறுமை இல்லாதவர் பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்குவார். பாசி போகிற நேரத்தில்தான் போகும்.

உண்மையான தொல்லை பாறையோடு வருகிறது. இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக்குமிழியையும் நம்பியே பவளம் வளர்த்துக் காட்டி, அந்த முறையை 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் விளக்கினார். அந்தப் பாறைக்குத்தான் இன்று லைவ் ராக் என்று பெயர். செத்த பவளத்தின் எலும்புக்கூடுதான். அதன் துளைகளில் தொட்டிக்கு வேண்டிய பாக்டீரியா வரும். கூடவே யார் யார் வருகிறார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. பாறையை எடை போட்டு விற்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தனி விலை கிடையாது.

வருகிறவர்களில் முதல் மரியாதை ஐப்டேசியாவுக்கு. இது பழுப்பு நிறமுள்ள ஒரு சிறு கடற்சாமந்தி. காசு கொடுக்காமலே ஒரு பவளம் முளைத்துவிட்டதாக நினைத்து, புதுத் தொட்டிக்காரர் இதைப் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார். அது பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கருக்கிய பிறகுதான் பெயரை விசாரிப்பார். பிடுங்கப் போனால் பாறை ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்ளும். பிய்த்தாலோ, பாறையில் ஒட்டி மிஞ்சும் துணுக்குகள் தனித்தனி ஐப்டேசியாவாக வளரும். ஒன்றைப் பலவாக்க விரும்புகிறவர் மட்டும் கத்தியை எடுக்கலாம்.

சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் அதன் வாயில் ஏற்றுவது வழக்கமான சிகிச்சை. வெற்றிலையில் தடவுவதும் வேதியியல்படி அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அடுத்த வழி, எதிரியை ஏவுவது. பெப்பர்மின்ட் இறால் ஐப்டேசியாவைத் தின்னும், மீனுக்குப் போடும் தீனி அதைவிட ருசியாக இல்லாதவரை. ஏறத்தாழ அதைப் போலவே இருக்கும் கேமல் இறாலைத் தவறுதலாக வாங்கி வந்துவிட்டால், அது பவளத்தையே கொறிக்கும். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் சில வீடுகளில் ஐப்டேசியாவைத் தின்னும். சில வீடுகளில் எதையுமே தின்னாமல் கிடந்து சாகும். பெர்ஜியா என்ற ஓடில்லாத கடல் நத்தை மட்டும் ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. வேலையை முழுதாக முடித்தால் அதற்குப் பட்டினிதான். ஆனால் இறாலும் சில மீன்களும் பெர்ஜியாவைத் தின்றுவிடும். இறால் போதவில்லை என்று பெர்ஜியா வாங்கியவர், முதல் செலவு இரண்டாம் செலவை விழுங்குவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம்.

இதே ஐப்டேசியாவைப் பவள ஆய்வாளர்கள் தீனி போட்டு வளர்க்கிறார்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி இதன் திசுவிலும் உண்டு. பவளத்தைப் போலச் சிணுங்காமல் எங்கும் பெருகுவதால் ஆய்வுக்கு வசதி. 2015இல் இதன் மரபணுத் தொகுதியையே வெளியிட்டார்கள். அழிக்கும் வழி அதில் இருக்கிறதா என்று தொட்டிக்காரர்கள் ஆவலோடு பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது.

பிரிசில் புழுவின் கதை வேறு. உடலெங்கும் மெல்லிய முள்மயிர் கொண்ட இந்தப் புழு, இரவில் வெளியே வந்து மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறது. மீன் ஏதாவது செத்தால் வாசனை பிடித்து முதலில் வந்து சேர்வதும் அதுவே. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவனையே கொலைகாரன் என்று பிடித்துக் கட்டுவதுபோல, பழி அதன்மேல் விழும். வெறுங்கையால் பிடித்தவர் விரல்களில் முள்மயிர் ஏறிவிடும். அதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுப்பார்கள்.

இரவில் தொட்டிக்குள் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால் வீட்டார் மோட்டாரைச் சந்தேகிப்பார்கள். பிஸ்டல் இறாலாக இருந்தால் பயமில்லை. மேன்டிஸ் இறாலாக இருந்தால் நண்டும் நத்தையும் எண்ணிக்கையில் குறையும். மயில் மேன்டிஸ் என்ற இனத்தின் குத்து நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதாக 2004இல் அளந்து வெளியிட்டார்கள். பாறையில் ஒளிந்து வருவது பொதுவாகச் சிறிய உறவினர்கள் என்பதால் கண்ணாடி தப்பிக்கும்.

இந்தத் துறையின் பெருங்கதை இங்கிலாந்தில் நடந்தது. கார்ன்வால் பகுதியில் உள்ள நியூகீ நகரின் புளூ ரீஃப் காட்சியகத்தில், பவளங்கள் யாரோ கடித்துப் போட்டதுபோல் துண்டாகிக் கிடந்தன, மீன்களுக்குக் காயம். பொறி வைத்தார்கள், காலையில் பொறி கிழிந்து கிடந்தது. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, 2009இல், நான்கடி நீளமுள்ள ஒரு பாபிட் புழு வெளிப்பட்டது. குட்டியாகப் பாறைக்குள் வந்து, காட்சியகத்தின் செலவிலேயே வளர்ந்த ஆள். அதற்கு பாரி என்று பெயரிட்டுத் தனித் தொட்டியும் கொடுத்தார்கள். எந்தப் பவளத்துக்கும் அங்கே அந்த மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

பவளத்தோடு ஒட்டி வரும் பூச்சிகள் இன்னும் நுணுக்கமானவை. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு அதன் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். பவளம் வெளிறிய பிறகே ஆள் இருப்பது தெரியும். ரெட் பக் என்பது அரை மில்லிமீட்டர் அளவுள்ள மஞ்சள் பூச்சி. உடலில் சிவப்புப் புள்ளி. இதற்குத் தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, நாய்களுக்கு இதயப்புழு வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை. நாயே இல்லாத வீட்டுக்காரர் கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குவது தனிக் கலை. மாத்திரை பூச்சியைக் கொல்லும். தொட்டியில் இருக்கும் இறாலையும் நண்டையும் சேர்த்துக் கொல்லும்.

எனவே புதுப் பவளத்தை அயோடின் கலந்த நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, பீச்சுகுழலால் அலசுவார்கள். புழு உதிரும், முட்டை உதிராது. முட்டை பொரிக்கும்வரை பவளத்தைத் தனித் தொட்டியில் வைத்து, வாரந்தோறும் முக்கிப் பார்ப்பதே சரியான முறை. அந்தத் தனித் தொட்டிக்கும் விளக்கு, ஹீட்டர், மோட்டார், உப்பு எல்லாம் வேண்டும். தற்காலிகம் என்று சொல்லி வைத்த இரண்டாம் தொட்டியை யாரும் பிறகு எடுத்ததில்லை.

ஒரே ஒரு சிகிச்சையை எவரும் செய்யக் கூடாது: பாறையைக் கொதிக்க வைப்பது. பாறையில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு ஆவியோடு கலந்தால், குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். அலாஸ்காவில் 2012க்கும் 2014க்கும் இடையில் கடைகளிலும் வீடுகளிலும் இத்தகைய பவளங்களைக் கையாண்ட இடத்தில் இருந்தவர்கள் மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாகப் படுத்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கவலைகளில் பெரும்பகுதியைச் சட்டமே தீர்த்துவைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய துண்டை ஞாபகார்த்தமாக எடுத்து வந்தாலும் வழக்குதான். தொட்டிக்கு ரெசினில் வார்த்த பவளம் கடையில் கிடைக்கிறது. அதை எந்தப் புழுவும் தின்பதில்லை. பாசி மட்டும் பாகுபாடு பார்க்காமல் படரும்.