பொறுமைசாலிகளின் ஊருக்கு வாருங்கள்

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சொல்லிப் பாருங்கள். "கவனம், பாயோட ஒட்டிப்போடுவாங்கள்" என்று எச்சரிக்க ஒருவராவது இருப்பார். எங்களுக்கு மந்திரமும் மருந்தும் தெரியும், உத்தியோகத்துக்கு வந்த ஆண்பிள்ளை இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிடுவான் என்பது அந்தப் பேச்சின் சாரம். பழியாகச் சொல்லப்பட்டதை நாங்கள் புகழாகவே எடுத்துக்கொண்டோம். வந்தவரை இருக்கச் சொல்லி, இருந்தவருக்குச் சோறு போட்டு, பிடித்துப்போனால் பெண்ணும் கொடுத்த ஊர் இது. தாய்வழிக் குடிமுறை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வீடு வளவு மகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வந்த இடத்தில் வீடும் வாசலும் சொந்தமும் சேர்ந்து கிடைத்தால் எவர்தான் எழும்பிப் போவார்?

மந்திரம் உண்மையாகவே கைவசம் இருந்திருந்தால் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு நியமனம் பெற்று வந்த கணித, விஞ்ஞான ஆசிரியர்களை ஒட்டவைத்திருப்போம். அவர்கள் வருகிறார்கள், வந்த கையோடு இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், போகிறார்கள். அவர்கள் போன பிறகும் அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள், சிலர் பல்கலைக்கழகமும் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மனசாரப் புகழ்கிறேன்.

என் ஊரைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் இப்படித்தான் ஆகிறது. உங்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் புகழ்ச்சிதான், ஒரு சொல்லும் மிகையில்லை. அந்தப் புகழ் எங்களுக்குச் சேரும்போது பழி யார் வாசலில் போய் நிற்கிறது என்பதையும் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ரயிலில் வாருங்கள். கொழும்புக் கோட்டையில் காலையில் உதயதேவியில் ஏறினால் பின்னேரம் இறங்கலாம். மாகோ, கல்ஓயா, பொலன்னறுவை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று நாட்டின் குறுக்கே முழுநீளமும் பார்த்துவிடுவீர்கள். போரில் வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த தடம் அது. மட்டக்களப்பில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. தெற்கே களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ அது போகவேயில்லை. அந்தப் பக்கத்துச் சனம் பஸ் தட்டில் நின்றபடியே போய்வரப் பழகிக்கொண்டது.

இறங்கியதும் கல்லடிக்குப் போங்கள். அங்கே வாவியின் மேல் பாலம் இரண்டு, பழையதில் நடங்கள். 1928 இல் திறந்த அந்த இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை வைத்து லேடி மானிங் பாலம் என்றார்கள். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்துநிற்க வேண்டிய ஒற்றைவழி. 1978 நவம்பர் சூறாவளி அதன்மேல் அடித்தது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கடல் பக்கத்துக் கிராமங்களை வழித்துக்கொண்டு போனபோதும் அது நின்றது. யப்பான் உதவியோடு புதிய பாலம் திறந்தது 2013 இல். எண்பத்தைந்து வருடம் ஒரு நகரத்தின் போக்குவரத்தையெல்லாம் தனியாளாகச் சுமந்த இரும்பு அது. கை வைத்துப் பாருங்கள், அந்தப் பாலத்தைப் போல உழைத்தவர் இந்த மாவட்டத்தில் வேறு யாருமில்லை.

மீன் பாட்டும் அங்கேதான். பௌர்ணமியை ஒட்டிய இரவில் தோணியில் போய், சவளைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும். வெள்ளைக்கார அதிகாரி எமர்சன் ரெனன்ட் 1848 இல் இதைக் கேட்டு, பின்னர் தன் நூலில் எழுதிவைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வரும் அதிர்வுபோல் இருந்ததாம். ஊரி என்கிற ஓட்டுப்பிராணி கத்துகிறது என்று இங்கத்தைய மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஊரியா மீனா என்று இன்றுவரை எவரும் முடிவாகச் சொல்லவில்லை. என் தலைமுறை அந்தப் பாட்டைக் கேட்டு வளரவில்லை. பாலத்தில் காவலரண் இருந்தது. இருட்டிய பிறகு வாவியில் தோணி விட்டவன் வீடு திரும்புவான் என்று சொல்ல முடியாத காலம் அது. இப்போது காவலரண் இல்லை, ஆனால் புதிய பாலத்து வாகன இரைச்சலும் விளக்கும் இருக்கின்றன. போரையும் ஹோர்னையும் தாண்டிப் பாடிக்கொண்டிருக்கும் அந்தப் பிராணியை, அது எதுவாயிருந்தாலும், போற்றுகிறேன்.

கல்லடிவரை வந்துவிட்டு விபுலானந்த அடிகளின் சமாதியைப் பார்க்காமல் போகக்கூடாது. 1892 இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, யாழ்நூல் அரங்கேறிய அதே 1947 இல் மறைந்தவர். கடற்கரைப் பக்கம் போனால் சுனாமியில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைக் காணலாம். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இருக்கிறது. அதற்குள்தான் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நடந்தது. நானூறு வருடமாக எங்கள் காணி, நிலம், அரிசிக் கணக்கெல்லாம் ஒரு கோட்டை மதிலுக்குள்ளே இருந்துதான் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது. வாசலில் காத்துநிற்கும் முகங்கள்தான் மாறின.

இனி வாவியைக் கடந்து போக வேண்டும். உண்மையான மட்டக்களப்பு அங்கேதான் பாதிக்கு மேல் இருக்கிறது.

வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டு எழுவான்கரை. நகரம், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், வங்கி, பிரதான வீதி எல்லாம் அந்தப் பக்கம். வாவிக்கு மேற்கே படுவான்கரை. அங்கே வயல், குளம், மாடு, கூத்து, கண்ணகி அம்மன் கோயில்கள், தேரோட்டத்துக்குப் பேர்போன கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர். எழுவான்கரை தின்கிற சோறு படுவான்கரையில் விளைவது. இரண்டையும் இணைக்க மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். அதுவரை அங்கே ஓடியது பாதை. மிதக்கிற தளத்தை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்னும் பாதைதான். நீங்கள் அதில்தான் போக வேண்டும். மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்திவிட்டு ஆட்கள் ஓரமாக நிற்பார்கள். சீருடைப் பிள்ளைகள், கையில் கோப்போடு ஆசிரியை, பன்பையில் மரக்கறி கட்டிய ஒரு தாய். ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறு கையால் முட்டைத் தட்டையும் பிடித்தபடி எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆச்சி, நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைக் கண்டு சொன்னார்: "அவசரப்படாதங்க மனே. மறுகா என்ன, நம்ம போனாத்தானே கரை வரும்." தளத்தின் தகட்டு இடுக்கால் தண்ணீர் ஏறி அவருடைய காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முட்டையை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

உல்லாசப் பயணிகள் அந்தப் பயணத்தைப் படமெடுத்து மகிழ்கிறார்கள். மகிழட்டும், காட்சி வடிவானதுதான். இருபுறமும் கண்டல், நீர்க்காகம், தூரத்தில் வீச்சுவலைக்காரர். ஆனால் அந்த ஆச்சிக்கு அது காட்சியல்ல. பேறுகாலத்துப் பெண்ணை இரவில் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாதை இருக்காது, பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறினால் பாதையும் நிற்கும், வீதியும் முங்கும். தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கரையில் பாலம் கேட்டு, தேர்தலுக்குத் தேர்தல் வாக்கும் போட்டு, அடுத்த நாள் காலையில் அதே பாதையில் ஏறிப் போகிறவர்களின் பொறுமையைப் போல ஒரு பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் அந்தப் பொறுமையை நம்பித்தான் ஆண்டிருக்கிறார்கள்.

மண்டூர் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். வாய் கட்டிப் பூசை செய்யும் கோயில், சின்னக் கதிர்காமம் என்பார்கள். ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தை ஒட்டி வந்தால் வாவியில் எத்தனை தோணி இருக்கிறது என்பது தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். புட்டு அவித்து, தேங்காய்ப்பூ தூவி, இறால் சொதியோடு தருவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்கே மேடைக்கு மேடை சொல்லுவார்கள். அந்த உவமை பொய்யில்லை. ஆரையம்பதி முடிகிற இடமும் காத்தான்குடி தொடங்குகிற இடமும் தெரியாதவருக்குப் பிடிபடாது. பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கக் கண்டால் காத்தான்குடி என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் சன்னம் துளைத்த ஓட்டைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். நின்று பாருங்கள். அடுத்த மாதம் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கூட்டிப்போன 158 தமிழர் திரும்பவில்லை. 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. அங்கேயும் நினைவுத்தூண் இருக்கிறது. காத்தான்குடியில் நின்றவர் சத்துருக்கொண்டானுக்கும் போக வேண்டும், சத்துருக்கொண்டானில் அழுதவர் காத்தான்குடிக்கும் வர வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுகிற வழிகாட்டியை நம்பாதீர்கள்.

இவற்றில் ஒன்றுக்கும் இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் குண்டில் சிதறினார்கள். மறுநாள் விடிந்ததும் இந்த ஊர் தமிழனும் சோனகனும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் ஊராகியிருக்கலாம். ஆகவில்லை. பயம் இருந்தது, கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனாலும் காலப்போக்கில் மீன்காரர் மறுபடி தமிழ் வாசலில் நின்று கூப்பிட்டார், அம்மா சட்டியோடு வெளியே வந்தார். நீதி கிடைத்து ஆறிய மனங்கள் அல்ல இவை. நீதி வராது என்று தெரிந்தும் பக்கத்து வீட்டாரோடு வாழ்ந்துதான் ஆகவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள். அரசும், ஆயுதம் தூக்கியவர்களும், மேடையில் புட்டுக் கதை சொன்னவர்களும் செய்ய மறுத்த வேலையை இந்தப் பெண்கள் வாசற்படியில் நின்று செய்தார்கள்.

பாசிக்குடாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழங்கால் தண்ணீரில் கடலுக்குள் நெடுந்தூரம் நடக்கலாம். 2011 இலிருந்து ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின, மீனவர் வள்ளம் இழுத்துவைக்கிற கரை சுருங்கியது. முடிந்தால் அந்த மீனவரிடம் மீன் வாங்குங்கள்.

வாவியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு எங்களை விட்டுவிட்டால் நியாயமாகாது. அதிகாலையில் வாவிக்கரைக்கு வாருங்கள். நண்டின் கடிகாலைச் சணலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு விற்பார்கள், முடிச்சு விழுவதற்குள் நண்டு ஒருமுறை விரலைத் தேடும். கொடுவா இருக்கும், திரளி இருக்கும், இறால் துள்ளும். அதே கரையில் நாலடி தள்ளி, கண்டல் வேரில் பொலித்தீன் பைகள் சிக்கி உப்பிப்போய்க் கிடக்கும். சந்தைக் கழிவையும் வீட்டுக் கானையும் நாங்கள்தான் அதற்குள் விடுகிறோம். கரையில் மண் கொட்டி நிரப்பி மதில் கட்டுகிறவர்களும் நாங்கள்தான். மதில் கட்டியவர் கோயில் தர்மகர்த்தாவாகவும் இருப்பார், மீன்பாடும் தேனாடு என்று விழாவில் உருகியும் பேசுவார். இத்தனைக்கும் பிறகு எங்கள் சட்டிக்கு இறால் போட்டுக்கொண்டிருக்கும் வாவியைத் தாய் என்கிறோம். பிள்ளைகள் எப்படி என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

போகும்போது தயிர் வாங்காமல் போகாதீர்கள். மட்டக்களப்பு எருமைத் தயிர் என்றால் கொழும்பிலும் தனி மரியாதை. மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சீனி போடாதீர்கள், கித்துள் பாணியும் வாழைப்பழமும் போதும். அந்தத் தயிருக்குப் பாலும் பால் கறக்கும் மாடும் எங்கேயிருந்து வருகின்றன என்று கடைக்காரரைக் கேளுங்கள். வயல் விதைத்திருக்கும் காலத்தில் மாவட்டத்தின் மாடுகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகும். அந்தத் தரையில் வெளி மாவட்டத்தார் வந்து பயிர் செய்கிறார்கள், மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டி வீதியோரத்தில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மழையிலும் உட்கார்ந்தார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உட்கார்ந்தார்கள். மாதக் கணக்கு வருடக் கணக்கானது. ஒருவர்கூடக் கல்லெடுத்து எறியவில்லை. பகலில் பந்தலில் இருந்துவிட்டு, விடியப்புறம் எழும்பிப் பால் கறந்து அனுப்பினார்கள். கொழும்புக்குத் தயிர் ஒரு நாளும் நிற்கவில்லை.

சித்தாண்டி பிரதான வீதியில்தான் இருக்கிறது. பொலன்னறுவைப் பக்கமாக பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இறங்கி ஒரு சட்டி வாங்குங்கள், விலை பேசாதீர்கள், மேய்ச்சல் தரை என்னவானது என்று கேளுங்கள். அவர்கள் உங்களை இருக்கச் சொல்லி, பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார்கள்.