திப்பி டாக்டர்

பயன்பாட்டு வேதியியலில் முனைவர் பட்டம் வாங்க நைனார்பாளையம் மாதிரி தோதான ஊர் கிடையாது. சுற்றிலும் மரவள்ளிக் காடு, ஆத்தூர்ப் பக்கம் போனால் சேகோ ஆலைகள், ஆலைகளில் குவியல் குவியலாகத் திப்பி. கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. அதைக் காயவைத்து, கந்தக அமிலம் ஊற்றிக் கருக்கினால் கரி. கரியைச் சாயத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்று கணக்கெழுதினால் ஆய்வேடு.

கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, மல்லாட்டைத் தொலி என்று நம் வேதியியல் துறைகள் கருக்காத பொருள் இல்லை. திப்பிக் கரி பாதரசத்தைப் பிடிக்கும் என்று 2004-லேயே கட்டுரை வந்துவிட்டது. எனக்கு மிச்சமிருந்தது மெத்திலீன் நீலம் என்ற சாயம். கையில் பட்டால் லேசில் போகாது. "அஞ்சு விரல்லயும் மையி. அஞ்சு ஓட்டாடா போட்ட?" என்றாள் ஆயா.

எங்கள் பக்கம் திப்பி மாட்டுத் தீவனம். வாசலில் காயப்போட்ட என் ஆய்வு மாதிரியைப் பக்கத்து வீட்டு எருமை முறைப்படி சோதித்து, மிச்சமின்றி முடித்துவிட்டது. நான் கத்தினேன். "அது தின்னா பாலு குடுக்கும். நீ கருக்கி என்னத்தக் குடுக்கப் போற?" ஆயாவின் இந்தக் கேள்விக்கு ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களிலும் பதில் இல்லை.

இர்விங் லாங்முயர் என்ற அமெரிக்கர், பிற்பாடு 1932-இல் நோபல் வாங்கியவர், கண்ணாடியிலும் மைக்காவிலும் பிளாட்டினத்திலும் வாயுக்கள் ஒட்டுவதை அளந்து 1918-இல் ஒரு சமன்பாடு எழுதினார். அதற்குள்தான் நாங்கள் திப்பியைத் திணிக்கிறோம். புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லையா? இன்னொரு சமன்பாட்டுக்காரர் ஃபிராய்ண்ட்லிச் இருக்கிறார். இருவரில் ஒருவராவது கைகொடுத்துவிடுவார்.

நான் ஆய்வுக்குப் பதிவு செய்தபோது எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. நான் இன்னும் இரண்டாவது அத்தியாயத்தில். ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது இதழில் வரவேண்டும் என்பது யூஜிசியின் 2016 விதி. தலைகீழாக நின்று ஒன்றை வரவழைத்தேன். 2022 நவம்பரில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். மாவட்டத்தைப் பிரிக்கிறார்கள், விதியை மாற்றுகிறார்கள், "எப்பப்பா முடிப்ப?" என்ற கேள்வியை மட்டும் சின்னசேலம் பஸ்ஸில் ஒருவரும் மாற்றவில்லை.

பட்டம் வந்ததும் தெரிந்த ஆலைக்காரர் ஒருவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "சாயப்பட்டறைங்க திருப்பூர்ல, ஈரோட்டுல இருக்கு தம்பி. நம்ம தண்ணி மாவுத் தண்ணி, புளிச்சு நாறும். அத மூடின தொட்டில விட்டு கேஸ் எடுத்து எரிக்கிறோம். இதுல உங்க கரி எங்க வருது?" டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸும் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். வெளித்தேர்வாளர்கள்கூட இவ்வளவு நேரடியாகக் கேட்கவில்லை.

ஆய்வுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகளே, கருக்குமுன் ஒருமுறை ஆலைக்குப் போய் என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள். மக்காச்சோளத் தக்கை மிச்சமிருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அதையும் கருக்கியாகிவிட்டது.