கபடியும் பத்தாம் வகுப்பும்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் ஆனால் கபடி ஆடக் கிளம்பிவிடுகிறான். படிப்பு கெட்டுப்போகாதா?
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: மூச்சடக்கி ஆடுவது அவன், மூச்சு முட்டுவது உங்களுக்கா?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் வியர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளில் கிடைப்பதோ வாரத்துக்கு ஒன்றிரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை!

ஆடி அலுத்து வந்த பிள்ளை படுத்ததும் தூங்கிவிடுவான். நன்றாகத் தூங்கினால்தான் படித்தது மண்டையில் தங்கும். இன்னொன்று, கபடியில் பிடிபட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும்; கூட ஆடுகிறவன் புள்ளி எடுத்தால்தான் மறுபடி உள்ளே வரலாம். அடுத்தவன் ஜெயிக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்ள எந்த ரேங்க் கார்டு கற்றுத்தருகிறது? தோற்ற கையோடு எதிரணிக்குக் கைகொடுக்கிறானே, அந்தப் பாடத்துக்கு நோட்ஸும் கிடையாது, டியூஷனும் கிடையாது.

ஒன்றே ஒன்று: முழங்கால் வலி என்றால் தைலம் தேய்த்து மைதானத்துக்கு விரட்டாதீர்கள். வளரும் எலும்பு, டாக்டரிடம் காட்டுங்கள். ஆட்டத்துக்கும் படிப்புக்கும் நேரத்தை அவனையே பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்றபடி, டிவியில் தமிழ் தலைவாஸ் ஆடும்போது நீங்கள் போடும் கூச்சலில் அவன் படிப்பு கெடாமல் இருந்தால் சரி!